மனு பார்க்கும் வரிசையில் கேட்ட கேள்விகள்: சிறைவாசிகளின் குடும்பங்களுக்கும் உதவ வருபவர்களுக்கும்

நாங்கள் தமிழ்நாட்டில் சிறைவாசிகளின் குடும்பங்களுக்குத் துணையாக ஓடும் சின்னக் குழு. வழக்கறிஞர்கள் ஓரிருவர்தான். மற்றவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஒரு காலத்தில் தாங்களே மனு பார்க்க, அதாவது சிறையில் இருப்பவரை நேரில் சந்திக்க, அந்த வரிசையில் நின்ற அம்மாக்கள். கீழே இருப்பவை எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள். சட்டம் மாறும், உங்கள் வழக்கின் நுணுக்கம் வேறாக இருக்கும். எதைச் செய்வதற்கு முன்பும் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தப்பு செய்தவனுக்கு எதற்கு உரிமை?

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலும் இதைத்தான் கேட்கிறார்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு, அவர்கள் தப்பு செய்தார்களா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. இருந்த இடமோ 4,36,266 பேருக்குத்தான். (மொத்தமாகப் பார்த்தால் தமிழ்நாட்டில் இந்த நெரிசல் இல்லை. இங்கே பிரச்சினைகள் வேறு.)

சரி, தண்டனை பெற்றவர்? இத்தனை ஆண்டு சிறையில் இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கான தீர்ப்பு. அடி வாங்க வேண்டும், சர்க்கரை மாத்திரை இல்லாமல் கிடக்க வேண்டும் என்று எந்த நீதிபதியும் எழுதவில்லை. நீதிபதி எழுதாததைச் சிறைக்குள் யாரும் சேர்த்து எழுத முடியாது. சுனில் பத்ரா வழக்குகளில் 1978, 1979இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: சிறைக் கதவு மூடும்போது அடிப்படை உரிமைகள் வெளியே நின்றுவிடுவதில்லை.

இன்னொன்றும் தோன்றும். கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்ததைப் பாடப்புத்தகத்தில் படித்துக் கலங்காதவர் யார்? அரசுப் பதிவேட்டில் அவரும் ஒரு தண்டனைக் கைதிதான். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் இறந்துபோனார். அதை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. யார் எப்போது உள்ளே போவார்கள் என்பதை ஆட்சியும் காலமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

கைது செய்துவிட்டார்கள் என்று போன் வந்தது. முதல் நாளில் என்ன செய்ய வேண்டும்?

எந்தக் காவல் நிலையம், என்ன வழக்கு, குற்ற எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கைதான தகவலை உறவினர் ஒருவருக்குச் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இது அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. டி.கே.பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த நெறிமுறைகளும் இதைத்தான் விரிவாகச் சொல்கின்றன.

அந்த மாஜிஸ்திரேட் முன் நிற்கும் சில நிமிடங்கள்தான் முக்கியம். அடித்திருந்தால் அங்கேயே, வாய்திறந்து சொல்ல வேண்டும். 'அடித்தார்களா?' என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பயத்தில் தலையாட்டி மறுத்துவிடுகிறார்கள், பக்கத்திலேயே போலீஸ் நிற்பதால். குடும்பத்தில் ஒருவர் அந்த நேரத்தில் நீதிமன்ற வளாகத்தில் நின்றால் கொஞ்சம் தெம்பு வரும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ரிமாண்ட் செய்யப்பட்டு (மாஜிஸ்திரேட் உத்தரவில் காவலில் வைக்கப்பட்டு) கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். ரிமாண்ட் என்பது வெறும் கையெழுத்தாகிவிட்டால் என்ன ஆகும் என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிறையில் சேர்க்கும்போதும் மருத்துவப் பரிசோதனை உண்டு. உடம்பில் இருக்கும் காயங்களை அப்போது குறிக்கச் சொல்ல வேண்டும். குறிக்காமல் விட்டால், காயம் எங்கே ஏற்பட்டது என்று பிறகு போலீஸ் சிறையைக் காட்டும், சிறை போலீஸைக் காட்டும்.

மனு பார்க்கப் போக என்ன வேண்டும்?

பார்க்கப் போகும் ஒவ்வொருவரின் அடையாள அட்டை, உள்ளே இருப்பவரின் முழுப்பெயர், தந்தை பெயர், வழக்கு விவரம். விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி இருவருக்கும் நாட்களும் எண்ணிக்கையும் வேறு வேறு. சிறைக்குச் சிறை நேரமும் மாறும். முதல் தடவை போகும்போதே வாசலில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் முன்பதிவு செய்யும் இ-முலாகாத் வசதியும் உண்டு. காலையிலேயே போங்கள். குடிக்கத் தண்ணீரும் குழந்தைக்குப் பிஸ்கட்டும் எடுத்துப் போங்கள். இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

யாராவது 'இதை மட்டும் கொடுத்துவிடு' என்று ஒரு பொட்டலம் தந்தால் வாங்காதீர்கள். எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் சரி. அதனால் புதிதாக ஒரு வழக்கு உங்கள் பேரில் வரும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை.

காவலில் இருக்கும் எவருக்கும் இலவச சட்ட உதவி உரிமை. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987, பிரிவு 12. வருமானச் சான்றிதழ் வேண்டியதில்லை, காவலில் இருக்கிறார் என்பதே தகுதி. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். உள்ளே இருப்பவரும் சிறை வழியாகவே மனு கொடுக்கலாம்.

இலவச வக்கீல் சரியாக வரமாட்டார் என்று பலர் குறைப்படுகிறார்கள். உண்மைதான், சிலர் அப்படித்தான். ஆனால் காசு வாங்கிய வக்கீலும் வராத கதை எங்களிடம் கட்டுக்கட்டாக இருக்கிறது. யாராக இருந்தாலும் அடுத்த வாய்தா தேதியைக் கேட்டு வாங்குங்கள். வக்கீல் சரியில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லி ஆணைக்குழுவுக்கே எழுதுங்கள்.

ஜாமீன் கிடைத்துவிட்டது என்றார்கள். ஆனால் ஆள் இன்னும் வெளியே வரவில்லையே?

எங்கள் நேரத்தில் பாதி இதற்கே போகிறது. ஜாமீன் உத்தரவு என்பது பாதி வழிதான். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு வீட்டு வரி ரசீதோ சொத்தோ இருக்க வேண்டும், உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்பார்கள். வாடகை வீட்டில் இருக்கும் கட்டடத் தொழிலாளி வீட்டு வரி ரசீதுக்கு எங்கே போவார்? வீட்டுக்காரரிடம் போய் நின்றால் 'நமக்கு எதுக்கும்மா கோர்ட்டு வம்பு' என்று கதவைச் சாத்துவார். கடைசியில் நீதிமன்ற வாசலில் சூரிட்டி (ஜாமீன்தாரர்) வாங்கித் தருகிறேன் என்று நிற்கும் தரகரிடம் தாலி போகும்.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1978இல் மோதி ராம் என்ற மத்தியப் பிரதேசக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய அண்ணன் தம்பி சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அதையும் மறுத்தார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்து, வேறு ஊர்க்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரை மறுப்பதைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனாலும் இன்றைக்கும் உள்ளூர் ஜாமீன்தாரரைத்தான் கேட்கிறார்கள்.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஜாமீன் உத்தரவின் நகலை நீதிமன்றமே சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பிணை கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே எடுத்துப் பார்க்கலாம். உங்களுக்கு எட்டு நாள் ஆகிவிட்டதா? ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் இந்த உத்தரவைச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள். வாயால் சொன்னால் 'பார்க்கிறோம்' என்பார்கள். எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினால் கோப்பு எழுந்து நடக்கும்.

அப்புறம், பணம் கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்கென்று மத்திய அரசின் திட்டம் ஒன்று 2023இல் வந்தது. தொடங்கியபோது விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை. இதற்கும் அதே ஆணைக்குழுவில்தான் கேட்க வேண்டும். நாங்கள் சந்திக்கும் பத்துக் குடும்பத்தில் ஒன்பதுக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது.

வழக்கு நடக்கவே இல்லை. எத்தனை நாள்தான் வைத்திருப்பார்கள்?

இரண்டு தேதிகளை நாட்காட்டியில் குறியுங்கள். ஒன்று, ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 60ஆவது நாள். மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டோ அதற்கு மேலோ என்று வரும் குற்றமானால் 90ஆவது நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் மனு போட வேண்டும். போடாமல் இருந்து, மறுநாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஒரே ஒரு நாள் தாமதத்தால் இரண்டு வருடம் உள்ளே இருந்தவரை எங்களுக்குத் தெரியும். (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான யுஏபிஏ போன்ற சிறப்புச் சட்டங்களில் கணக்கு வேறு.)

இரண்டாவது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் பிரிவு 479. அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு காலமே போதும். மரண தண்டனையோ ஆயுளோ வரக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. சட்டம் வந்தது 2024 ஜூலை 1. அதற்கு முந்தைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

குண்டாஸ் போட்டுவிட்டார்கள். இனி ஒரு வருடம் ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். குண்டர் தடுப்புச் சட்டம் என்று நாம் சொல்லும், வழக்கு விசாரணை இல்லாமலே தடுப்புக் காவலில் வைக்கும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகபட்சம் 12 மாதம். ஆனால் ஒவ்வொரு படிக்கும் கெடு உண்டு: ஐந்து நாளுக்குள் காரணங்களை அவரிடம் கொடுக்க வேண்டும், 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும், மூன்று வாரத்துக்குள், இந்தக் காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். கொடுத்த தாள்களில் ஒரு பக்கம் படிக்க முடியாமல் மங்கியிருந்தாலும், அவருக்குத் தெரிந்த மொழியில் இல்லாவிட்டாலும், அரசுக்குக் கொடுத்த முறையீட்டுக்குப் பதில் தாமதமானாலும் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவில் (காவல் சட்டப்படியானதா என்று கேட்கும் மனு) அந்த உத்தரவு விழலாம். ஆகவே உள்ளே கொடுத்த தாள் கட்டை அப்படியே, ஒரு பக்கமும் விடாமல், வக்கீலிடம் சேர்த்துவிடுங்கள்.

உள்ளே அடிக்கிறார்கள் என்று அழுகிறான். புகார் கொடுத்தால் இன்னும் அடிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். 'பயப்படாமல் புகார் கொடுங்கள்' என்று சொல்பவர்களை நாங்கள் நம்புவதில்லை, அவர்கள் யாரும் உள்ளே இருப்பதில்லை. முடிவு அவருடையது. நம்முடைய வேலை, அவர் எப்போது சரி என்றாலும் கையில் காகிதம் தயாராக இருக்கும்படி செய்வது.

ஒரு நோட்டு போடுங்கள். மனு பார்த்த தேதி, அவர் சொன்னது, நீங்கள் கண்ணால் பார்த்தது. வீக்கம், நொண்டல், கட்டு, எந்தக் கை, எந்தக் கால். 'கொடூரமாகத் தாக்கினார்கள்' என்று எழுதாதீர்கள். 'இடது முழங்கைக்குக் கீழே நான்கு விரல் நீளத்துக்குக் கன்றிப்போயிருந்தது' என்று எழுதுங்கள். வீட்டுக்கு வந்தவுடன், அன்றைக்கே.

புகார் போக வேண்டிய இடம் ஒன்றல்ல. வழக்கு நடக்கும் நீதிமன்றம், அதுவும் அடுத்த வாய்தாவில் வாய்மொழியாகவே. மாவட்ட முதன்மை நீதிபதி, இவருக்குச் சிறையைப் பார்வையிடும் அதிகாரம் உண்டு. சிறைத் துறைத் தலைமையகம். மாநில மனித உரிமை ஆணையம், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அவசரமென்றால் உயர் நீதிமன்றம். ஒரே புகாரைப் பல இடத்துக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வெளியே பத்துப் பேருக்குத் தெரியும் என்று தெரிந்தால் உள்ளே கை ஓங்குவதற்கு யோசிப்பார்கள். எங்கள் அனுபவத்தில் அதுதான் பெரிய பாதுகாப்பு.

தபாலால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? மேலே சொன்ன சுனில் பத்ரா, திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதி. பக்கத்தில் இருந்த இன்னொரு கைதியிடம் பணம் பறிக்க வார்டர் ஒருவர் செய்த சித்திரவதையை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டார்கள். தன் கழுத்தில் கயிறு தொங்கும்போது பக்கத்து ஆளுக்காக எழுதியிருக்கிறார் மனிதர். நாட்டின் 1,382 சிறைகளின் நிலை பற்றிய பெரிய வழக்கு தொடங்கியதும் 2013இல் முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.சி. லகோட்டி எழுதிய கடிதத்தால்தான்.

சாதி பார்த்து பிளாக் ஒதுக்குகிறார்கள் என்கிறார்களே?

பாளையங்கோட்டைச் சிறையில் அப்படி நடப்பதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கே வந்தது. மோதலைத் தவிர்க்கத்தான் என்ற அரசுத் தரப்பின் பதிலை நீதிமன்றம் அப்போது ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பதிலை ஏற்கவில்லை. ஒழுங்கைக் காக்க சாதிவாரியாகப் பிரிப்பது தீர்வாகாது என்றது. சாதி அடிப்படையில் வேலை ஒதுக்கும் விதிகளையும் ரத்து செய்து, சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொன்னது. துப்புரவு வேலைக்கு எந்தச் சாதிக்காரரை அனுப்புகிறார்கள் என்று வெளியே வருபவர்களிடம் கேளுங்கள். தீர்ப்பு எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பது அந்தப் பதிலில் தெரியும்.

மருந்து?

வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகளின் மருத்துவர் சீட்டை நகலெடுத்து, முதல் வாரத்திலேயே சிறை மருத்துவ அலுவலருக்குக் கடிதத்தோடு கொடுங்கள். வலிப்பு, காசநோய், எச்ஐவி, மனநல மருந்துகள் ஒரு நாள்கூட விடக்கூடாதவை. வெளி மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஆயுதப்படைக் காவலர் வேண்டும். 'எஸ்கார்ட் இல்லை' என்று மூன்று தடவை சொல்லிவிட்டார்கள் என்றால் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் மனு போட்டு உத்தரவு வாங்கலாம்.

பெண் கைதியோடு குழந்தை இருக்கலாமா?

ஆறு வயது வரை. 2006இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தை கைதி இல்லை. அதற்குத் தனி உணவு, காப்பகம், தடுப்பூசி எல்லாம் தர வேண்டும். வெளியே விடப்பட்ட பிள்ளைகளைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. அப்பா உள்ளே போனால் அம்மா வாரா வாரம் மனு பார்க்க வருகிறாள். அம்மா உள்ளே போனால் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. பெண்கள் சிறை வாசலில் வரிசை சின்னதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பரோல் எப்போது கிடைக்கும்?

இங்கே சட்டத்தில் அதற்கு 'விடுப்பு' என்று பெயர். நெருங்கிய உறவினரின் மரணம், கடும் நோய், திருமணம் போன்றவற்றுக்கு அவசர விடுப்பு. சில ஆண்டுகள் தண்டனை கழித்தபின் சாதாரண விடுப்பு. 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளில் இருக்கிறது. நன்னடத்தை அலுவலரும் போலீஸும் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை கொடுப்பார்கள், பெரும்பாலும் அங்கேதான் தேங்கும். விண்ணப்பித்த தேதியைச் சொல்லி நினைவூட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே இருங்கள்.

எவ்வளவு காலம் எழுதுவது என்று கேட்பவர்களுக்கு அற்புதம்மாளைத்தான் சொல்வோம். மகன் பேரறிவாளன் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் 19 வயதில் கைதானார். 2017இல் முதல் பரோல். 2022 மே 18இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இடையில் ஒரு அம்மா சிறைவாசலுக்கும் நீதிமன்றத்துக்கும் கூட்ட மேடைக்குமாக நடந்தது 31 வருடம். அந்த வழக்கைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும், அந்த நடையை மறுக்க முடியாது.

சிறைக்குள் மரணம் என்று தகவல் வந்தால்?

இதை எழுதவே கை வரவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். நீதித்துறை நடுவர் விசாரணை நடத்த வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உடற்கூறாய்வை வீடியோ எடுக்கக் கேளுங்கள். நடுவர் முன் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். உங்கள் வக்கீல் படித்துப் பார்க்காத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும்.

எனக்குச் சட்டம் தெரியாது. நான் என்ன உதவி செய்ய முடியும்?

கூடப் போகலாம். நீதிமன்றத்துக்கு முதல் தடவை வரும் ஒரு அம்மாவுக்கு எந்த மாடி, எந்தக் கதவு என்று தெரியாது. அது தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும். மனு எழுதிக் கொடுக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்: உங்கள் மாவட்டச் சிறையில் மருத்துவர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, சிறையைப் பார்வையிடும் குழு போன வருடம் எத்தனை தடவை வந்தது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஒருவரின் உயிரோ விடுதலையோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகப் பதிவு செய்யலாம். புத்தகம் கொடுக்கலாம். சிறைத் துறையே 2023இல் சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்று அரங்கு போட்டுப் புத்தகம் திரட்டியது.

செய்யக் கூடாதது: 'உங்க பையன் என்ன செஞ்சான்?' என்று கேட்பது. குடும்பத்தைக் கேட்காமல் முகநூலில் படம் போடுவது. விடுதலை வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பது. இந்த மூன்றாவது தவறை ஆரம்பத்தில் நாங்களே செய்திருக்கிறோம். அந்தக் குடும்பத்தின் முகத்தை அப்புறம் பார்க்க முடியவில்லை.

உள்ளே இருப்பவருக்கு ஓட்டு உண்டா?

இல்லை. தண்டனைக் கைதிக்கும் விசாரணைக் கைதிக்கும் கிடையாது. விநோதம் என்னவென்றால், குண்டாஸ் போன்ற தடுப்புக் காவலில் இருப்பவர் தபால் ஓட்டுப் போடலாம். ஜாமீன் தொகை கட்ட வழியில்லாமல் உள்ளே இருக்கும் கொத்தனார் போட முடியாது.

கடிதம் எழுதினால் சேருமா? படித்துப் பார்ப்பார்களா?

படிப்பார்கள். ஆகவே வழக்கைப் பற்றி எழுதாதீர்கள். மற்றதெல்லாம் எழுதலாம்: மாடு கன்று போட்டது, தங்கச்சி பரீட்சை, ஊர்த் திருவிழாவில் யார் சண்டை போட்டார்கள். பெயர், கைதி எண், சிறை முகவரி மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். கைதி எண் தெரியாவிட்டால் அடுத்த முறை மனு பார்க்கும்போது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.